டார்ச் வெளிச்சத்தில் ஒரு வீடு

நாங்கள் வாங்கப்போகிற வீட்டுக்குள் நான் தினமும் போய்வந்துகொண்டிருந்தேன். அந்த ஊரில் இதுவரை கால்கூட வைத்ததில்லை என்பது வேறு விஷயம். தரகர் அனுப்பிய படங்கள் போனில் இருந்தன. துணிக்கடையின் ஆல்டரேஷன் மெஷினில் உட்கார்ந்து பேன்ட்டுக்குக் கீழ்மடிப்பு அடிக்கும்போது கை பாட்டுக்குத் துணியைத் தள்ளும், நான் வாசல் கதவைத் திறந்து உள்ளே போய்விடுவேன். முன்னறை, அதைத் தாண்டிச் சமையலறை, இடது பக்கம் திரும்பினால் பின்னறை. அங்கே ஒரு கட்டில், சுவரை ஒட்டாமல் நட்டநடுவில், குளத்தில் விட்ட படகு மாதிரி கிடக்கும். ஜன்னலிலிருந்து பாதி வெளிச்சம்தான் அதன்மேல் விழும். அந்தப் பாதி வெளிச்சத்தில் எனக்கு அப்படியொரு மயக்கம். "என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்று கடை சூப்பர்வைசர் கேட்கும்போதுதான் திரும்பி வருவேன். ஊசி அதுபாட்டுக்கு வெறும் துணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வீட்டில் நாங்கள் குடியேறப் போவதில்லை. வாடகைக்கு விடத்தான் வாங்குகிறோம். என் வீட்டுக்காரர் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனியும் பாரம் தூக்கினால் ஒருநாள் கால் விளங்காமல் போய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. என் சம்பளத்தோடு மாதாமாதம் ஒரு வாடகையும் வந்தால் அவர் மூட்டையைக் கீழே வைத்துவிடலாம். அதற்காக இருந்ததையெல்லாம் வழித்துத் திரட்டினோம். நாங்கள் இருக்கிற ஊரில் அந்தப் பணத்துக்கு ஒரு குளியலறைகூட வராது. அதனால்தான் பொழுது விடிவதும் அடைவதும்கூட ஒத்துப்போகாத தூரத்தில் ஒரு வீடு. அதில் ஏற்கெனவே குடித்தனம் இருந்தது. வாங்கிய மாதமே வாடகை கைக்கு வந்துவிடும்.

அதைக் கேட்டதிலிருந்து மனுஷன் நடையே மாறிவிட்டது. கிடங்கிலிருந்து வந்ததும் என் போனை வாங்கிக்கொண்டு தரையில் மல்லாந்துவிடுவார். "இந்தக் கட்டிலை நடுவுல போட்டிருக்காங்க பாரு. ராஜா வீட்டுல போடற மாதிரி." "ராஜா வீட்டை நீங்க எங்கே பார்த்தீங்க?" என்பேன். எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புதான். எத்தனையோ வாடகை வீடுகளில் காலம் தள்ளிய நாங்கள் இரண்டு பேரும், ஒரு கட்டில் நடுவில் கிடப்பதைப் பார்த்து அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பார்க்காத வீட்டை ஆள் வைத்துச் சோதிக்காமல் வாங்காதே என்று கடையில் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். அப்படித்தான் அந்தச் சோதனைக்காரரைப் பிடித்தோம். முதல் தடவை போனில் பேசும்போதே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

"நான் வாங்குங்கன்னும் சொல்ல மாட்டேன், வாங்காதீங்கன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

"அப்புறம் நீங்க எதுக்குங்க? அதைத் தெரிஞ்சுக்கத்தானே காசு குடுக்கறோம்."

"வீடு எப்படி இருக்குன்னு சொல்வேன், மேடம். கண்ணுக்குத் தெரியறதை, கைக்கு எட்டறதை. சுவரை உடைக்க மாட்டேன். குடியிருக்கிறவங்க சாமானைத் தொட மாட்டேன். நிறைய குறை சொல்வேன், எல்லாத்துக்கும் பயந்துடாதீங்க. குழாய் ஒழுகறது ஒரு குறை, கூரை இறங்கறதும் ஒரு குறை. எது எந்த ரகம்னு பிரிச்சுச் சொல்வேன். முடிவு உங்களோடது."

"சரி."

"இன்னொண்ணு. நான் பார்த்து முடிக்கிற வரைக்கும் யார்கிட்டயும் வாங்கறேன்னு வாய் விட்டுடாதீங்க."

"நான் என்ன பச்சக் குழந்தையா?" என்று போனை வைத்தேன். அன்றைக்கே அவருக்கு டார்ச்சுக்காரர் என்று பேர் வைத்தாயிற்று, எடுத்துப்போகிற சாமான்களில் மூன்று டார்ச் இருப்பதாக அவரே பெருமையாகச் சொன்னதால்.

சோதனை நாள் எங்களுக்குச் சாயங்காலம், அவர்களுக்குக் காலை. என் வீட்டுக்காரர் விடியற்காலை ஷிப்ட் முடித்து வந்து உள்ளறையில் படுத்திருந்தார். கதவைச் சாத்திவிட்டு, சமையலறை மேஜையில் போனைச் சாய்த்து வைத்து, வீடியோ காலில் உட்கார்ந்தேன். எங்கள் ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, போனுக்குள் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு வெளிச்சத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருந்ததில் எனக்கு நாள் கிழமையே மறந்துபோனது.

டார்ச்சுக்காரர் வாசல் கதவைத் திறந்தார். நான் தினமும் திறக்கிற அதே கதவு. அது கிறீச்சிடும் என்று படத்தில் தெரிந்திருக்கவில்லை.

முன்னறைக்குப் போனதும் மனுஷன் செய்த முதல் வேலை, விளக்கை அணைத்ததுதான். டார்ச்சை எடுத்துச் சுவரோடு சுவராகப் படுக்கவைத்து அடித்தார். நேராகப் பார்த்தால் வழவழவென்றிருந்த சுவர் அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் வேறொன்றாகிவிட்டது. மேடும் பள்ளமுமாக, மணல்வெளியை மேலேயிருந்து பார்ப்பது மாதிரி. எப்போதோ ஆணி அடித்துப் பிடுங்கிய இடம், பூசி மறைத்த விரிசல், யாரோ நாற்காலி சாய்த்துச் சாய்த்துத் தேய்ந்த குழி. எத்தனை பேர் இருந்துவிட்டுப் போன வீடு என்று நான் வாய் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதெல்லாம் வயசு, மேடம்" என்றார். "இதுக்குப் பயப்பட வேண்டாம்."

சமையலறையில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கோ ஒரு ஊரில் தண்ணீர் ஓடும் சத்தம் என் சமையலறையில் நிறைந்தது. தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு மெதுவாகக் கதவுப் பக்கம் உருண்டு போனது. "லேசா சரிவு. பரவாயில்ல" என்றார். எனக்குத் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்தது. அந்த நிமிஷம் வீட்டை எழுதி வாங்கிக்கொள் என்றால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பின்னறைக்கு வந்தோம். கட்டில் நடுவிலேயே இருந்தது. அதன்மேல் ஒரு சின்னப் பெண் குப்புறப் படுத்துக் கலர் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். கதவோரம் அவள் அம்மா நின்றாள். பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலை என்று தரகர் சொல்லியிருந்தார். புருஷன் இல்லை, இவர்கள் இரண்டு பேர்தான். ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய மர அலமாரி நின்றது. நான் மயங்கிக் கிடந்த பாதி வெளிச்சத்தின் லட்சணம் அதுதான்.

டார்ச்சுக்காரர் மூன்று சுவரைப் பார்த்தார். நாலாவது சுவரில் அலமாரி. தொடவில்லை.

"நான் கூரையைப் பார்த்துட்டு வந்துடறேன். ஏணியில ஏறும்போது போன் பிடிக்க முடியாது" என்று போனைக் கதவோரம் நின்ற அம்மாக்காரியிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மரியாதைக்கு ஏதாவது கேட்க வேண்டுமே.

"கட்டில் ஏம்மா நடுவுல கிடக்கு?"

"காத்து வரும்னுதான், அக்கா."

"ஜன்னலைத்தான் அலமாரி அடைச்சிருக்கே. காத்து எங்கேயிருந்து வரும்?"

அவள் அலமாரியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மண்டையில் யாரோ குட்டிய மாதிரி இருந்தது. ஜன்னலை மறைத்து அலமாரி வைக்கிறவர்கள் யார்? கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுகிறவர்கள் யார்? எனக்கா தெரியாது?

"சின்ன வயசுல எங்க வீட்டுக்கு ஓனர் வரார்னா, எங்கம்மா முதல்ல அலமாரியைத்தான் தள்ளுவாங்க" என்றேன். "கறையைப் பார்த்தா அட்வான்ஸ்ல பிடிச்சுக்குவார்னு. நானும் தம்பியும் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். தரையில கீறல் விழாம இருக்க அடியில கோணி போட்டு இழுப்போம்."

அவள் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நாங்க பழைய போர்வை போடுவோம், அக்கா."

"போர்வை வழுக்குமே."

"வழுக்கினாத்தானே சுலபமா நகரும்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் அழுதுவிட்டாள். தண்ணீர்க் கறை வந்து வெகுநாள் ஆகிறதாம். ஓனரிடம் சொன்னால், இருந்தால் இரு, இல்லையென்றால் காலி பண்ணு என்கிறாராம்.

"இப்ப விக்கறாரில்ல, அதனால முன்கூட்டியே சொல்லிட்டாரு. குடித்தனத்தோட விலை போனா நீ இருக்கலாம். சோதனையில ஏதாவது கிளம்பி, வாங்கறவங்க ஓடிட்டாங்கன்னா, வீட்டை இடிச்சு மனையா வித்துடுவேன்னு. நாங்க எங்கே போவோம்? சோதனை பண்ண வந்தவர்கிட்ட எதுவும் சொல்லாதீங்க, அக்கா. நீங்க வாங்கிக்குங்க. நாங்க இப்படியே இருந்துக்கறோம். வாடகை தேதி தவறாது. அலமாரி அது இடத்துல இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

நல்ல கேள்வி. யாருக்கு என்ன நஷ்டம்? ஓனருக்கு வீடு விலைபோக வேண்டும். இவளுக்கு இருக்க இடம் வேண்டும். எனக்கு முதல் மாதமே வாடகை வேண்டும். சாத்திய கதவுக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. புரளும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மூச்சு விடுவார், அதுவும் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். வாயை மூடிக்கொள்வது என்னைப் போன்றவளுக்கு லேசான காரியமில்லை, ஆனாலும் இவருக்காக மூடிக்கொள்வேன் என்றுதான் அந்த நேரத்தில் நினைத்தேன். இதில் உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

அந்தச் சின்னப் பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் போன் பக்கம் நகர்ந்து வந்தாள்.

"ஆன்ட்டி, அந்தச் சுவருக்குள்ள தண்ணி ஓடும். காதை வச்சா கேக்கும்."

"அப்படியா?"

"அலமாரிக்குப் பின்னால ஒரு சுவிட்ச் இருக்கு. கையை விட்டுத் தொட்டா கிச்சுகிச்சு மூட்டும்."

தண்ணீர் ஓடுகிற சுவரில் கரண்ட். மகள் தொட்டுப் பார்த்தது அவள் அம்மாவுக்குப் புதுசு என்பது முகத்திலேயே தெரிந்தது. "எப்படி தொட்ட? அதைத் தொடாதேன்னு சொல்லியிருக்கேன் இல்ல?" என்றாள். 

டார்ச்சுக்காரர் தலையெல்லாம் தூசியோடு இறங்கி வந்து போனை வாங்கிக்கொண்டார். "கூரை நல்லா இருக்கு, மேடம். பின்னறையில ஒரு சுவர் மட்டும் அலமாரி மறைச்சிருக்கு. பார்க்க முடியலைன்னு சொல்லிடுவேன். வேற ஏதாவது பார்க்கணுமா?"

"அந்தச் சுவரைத்தான் பார்க்கணும்."

"நான் தொட மாட்டேனே. அவங்க நகர்த்தினா பார்க்கறேன்."

அவள் அலமாரியில் முதுகைச் சாய்த்து நின்றுவிட்டாள். மகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நகரவில்லை. பயம் அப்படி. சுவரில் மின்சாரம் இருப்பது தெரிந்தும், தெருவில் நிற்பதற்கு அதைவிடப் பயந்தாள். போன் படம் அப்போது பார்த்து உறைந்துபோனது. கண்ணீரோடு, வாய் பாதி திறந்தபடி, அசையாமல் அந்த முகம் என் சமையலறை மேஜையில் நின்றது. வெளியே வெயில் போய்விட்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேனோ, தெரியாது.

படம் திரும்ப வந்தபோது நான் பேசிவிட்டேன்.

"நகர்த்தும்மா. இந்த வீட்டை நான் வாங்கறேன். சுவர் எப்படி இருந்தாலும் வாங்கறேன். உன்னைக் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்."

"எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க, அக்கா."

"என் வீட்டுக்காரர் தலையில அடிச்சு சத்தியம்."

டார்ச்சுக்காரரின் முகம் போனுக்குள் பெரிதாக வந்தது. "மேடம், நான் என்ன சொல்லியிருந்தேன்?"

"சொல்லியிருந்தீங்க. ஓனர்கிட்ட அடிச்சுப் பேசி விலையைக் குறைச்சுக்கறேன். நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"பார்த்துட்டு வாங்கறவங்களைப் பார்த்திருக்கேன். பார்க்காம வாங்கறவங்களையும் பார்த்திருக்கேன். பார்க்கறதுக்காகவே வாங்கறவங்களை இன்னைக்குத்தான் பார்க்கறேன்" என்றார். கிண்டலா என்று யோசித்தேன். கிண்டல் இல்லை.

முதலில் மெயினை அணைக்கச் சொன்னார். அவள் உள்ளே போய்ப் பழைய போர்வையைக் கொண்டுவந்தாள். அலமாரியின் காலுக்கு அடியில் அதைச் செருகினாள். தொட மாட்டேன் தொட மாட்டேன் என்று சட்டம் பேசிய மனுஷன் போனைக் கட்டில் சட்டத்தில் சாய்த்து வைத்துவிட்டு மறுபக்கம் கை கொடுத்தார். அலமாரி ஒரு சத்தமும் இல்லாமல் மிதந்து போகிற மாதிரி நகர்ந்தது. அறைக்குள் முழு வெளிச்சமும் விழுந்தது.

டார்ச்சே தேவைப்படவில்லை. சுவர் தரையிலிருந்து ஜன்னலுக்கு மேல் வரைக்கும் கறுத்து, உப்பி, பூச்சு தோல் உரிந்து நின்றது. ஈரம் பார்க்கும் கருவியை வைத்தார். அது கத்த ஆரம்பித்து நிறுத்தவே இல்லை. கையை எடுத்த பிறகும் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. சுவிட்சுப் பெட்டியைத் திருகிக் கழற்றினார், உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

அவர் மெல்ல, எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே உடைந்திருக்கிறது. சுவரை முழுக்கத் திறக்க வேண்டும். குழாயை மாற்றி, வயரை மாற்றி, காய விட்டு, திரும்பப் பூச வேண்டும். முன்னறையில் அவர்கள் இருந்துகொள்ளலாம், பின்னறையில் யாரும் கால் வைக்கக் கூடாது. ஓனர் குறைக்கிற விலையெல்லாம் இதற்குக் காணாது.

"இது எந்த ரகம்?" என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"பயப்படற ரகம்" என்றார். "வாங்கலாமா வேண்டாமான்னு இப்பவும் நான் சொல்லல."

"நீங்க சொல்ல வேண்டாம். நான்தான் சொல்லித் தொலைச்சுட்டேனே."

போனை அணைக்கும் முன் அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள். "பாப்பாவை முன்னறையில படுக்க வச்சுக்கறேன், அக்கா" என்றாள். 

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு நாள் போய்வந்துகொண்டிருந்த வீட்டுக்குள் கண்ணை மூடிப் போகப் பார்த்தேன். வாசல் கதவுவரை போனேன், அதற்கு மேல் போக முடியவில்லை. யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக என் புருஷன் முதுகை அடகு வைத்துவிட்டேன். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதே நேரம், இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்பதும் தெரிந்தது. அந்த எரிச்சல் வேறு.

உள்ளறைக் கதவைத் திறந்தேன். அவர் விழித்துத்தான் கிடந்தார்.

"நம்ம வீடு எப்படி இருக்கு?"

"கூரை நல்லா இருக்காம்."

"கூரை நல்லா இருக்குன்னா, மிச்சம் சரியில்லைன்னு அர்த்தம்."

பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சுவரை, சுவிட்சை, அந்தப் பெண் அலமாரியை விட்டு நகராமல் நின்றதை, நான் வாய் விட்டதை. 

"உங்க தலையில அடிச்சு சத்தியம் வேற பண்ணிட்டேன்."

"நல்ல வேளை. முதுகு மேல பண்ணியிருந்தா செல்லாது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "திட்டுங்க" என்றேன். "பின்னறை இல்லாம வாடகை பாதிதான் வரும். அதுவும் சுவருக்கே போயிடும். சுவர் முடியற வரைக்கும் நீங்க தூக்கித்தான் ஆகணும். ரெண்டு வார்த்தை திட்டுங்க, எனக்காவது மனசு ஆறும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருக்களித்துப் படுத்தார்.

"அந்தப் பாப்பா இன்னைக்கு எங்கே படுக்கும்?"

"முன்னறையில."

"அப்ப சரி."

எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாப்பாட்டைச் சூடு பண்ணலாம் என்று எழுந்தேன்.

"காலைல கொஞ்சம் சீக்கிரமா எழுப்பி விடு" என்றார்.

"ஏன், ஷிப்ட் மாத்திட்டாங்களா?"

"இல்ல." அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "இந்த மாசத்தோட வேலையை விட்டு நின்னுக்கறேன்னு போன வாரமே மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட வீடு கைக்கு வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். பசங்க எல்லாம் சேர்ந்து டீ வாங்கிக் குடுத்தாங்க, கை குலுக்கினாங்க. என் இடத்துக்கு ஒரு ஆளை நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க. அவன் வர்றதுக்கு முன்னாடி போய், என் இடத்துல நானே நிக்கணும்."